முதல் சட்டி

கலவை நிறைந்த சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"பொம்பளப் புள்ள கையால ஆரம்பிக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். சுற்றி நின்ற சொந்தபந்தமெல்லாம் சிரித்தது.

அவளால் சிரிக்க முடியவில்லை.

இவ்வளவு நேரமும் பூஜை பால்கனியில் நடந்தது. கிழக்கு பார்த்த இடம் அதுதானாம். காங்கிரீட் போடுவதற்காகக் கட்டி வைத்திருந்த கம்பிகளின் மேலேயே குடும்பம் மொத்தமும் ஏறி நின்று கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கல்யாணக் கூட்டம் தோற்றது.

கம்பிகள் அமுங்கிப் பலகையோடு பலகையாகக் கிடந்தன.

அடியில் தூண் இல்லாத பால்கனி. மேலாக ஓடும் கம்பிதான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். அது கீழே இறங்கிவிட்டால், என்றாவது ஒரு நாள் யாராவது காபி டம்ளரோடு அங்கே வந்து நிற்கும்போது மொத்தமாகச் சரியும்.

தரம் பார்க்கத்தான் கம்பெனி அவளை அனுப்பியிருக்கிறது. தப்பு நடந்தால் வேலையை நிறுத்தலாம் என்று சொல்லி ஒரு பச்சை மேல்சட்டையும் கொடுத்திருக்கிறது. எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கம்பியைத் தூக்கிக் கட்ட வேண்டும், கொஞ்ச நேரம் போதும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

மேஸ்திரி பதறிப்போனார். "நல்ல நேரம் முடியப் போகுது மேடம். இப்பப் போயி நிறுத்துன்னு சொல்லலாமா?"

அவருக்கும் தெரியும். கம்பியைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"போடும்மா, போடு" என்று அவசரப்படுத்தினார் வீட்டுக்காரர்.

எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். போட்டால் அவளும் உடந்தை. மறுத்தால் திமிர் பிடித்தவள்.

அவள் விரல்களைத் தளர்த்தினாள்.

சட்டி ஓரப் பலகையில் மோதி, கலவையோடு கீழே மணலில் போய் விழுந்தது.

ஓர் அம்மாள் வாயில் கை வைத்து, "முதல் சட்டியேவா!" என்றாள்.

வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "நிறுத்துங்கய்யா. எமகண்டம் கழியட்டும். மறுபடி பூஜை போட்டு ஆரம்பிச்சுக்கலாம்."

கலவை மிஷின் நின்றது.

கூட்டம் மோர் குடிக்கக் கீழே போனது. மேஸ்திரி ஆட்களை வைத்துக் கம்பியைத் தூக்கிக் கட்டினார். அவள் ஒவ்வொரு கம்பியாக அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. அவளுக்கு அழுகை வரும்போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நல்ல நேரம் வந்தது. மோர் வாங்கக் கீழே வந்தவள் திரும்பப் படி ஏறப் போனபோது, வீட்டுக்காரர் மரியாதையாகவே மறித்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ இங்கனயே இரு."

"சார், பால்கனியில மட்டும் யாரும் நிக்க வேணாம். கம்பி..."

"அபசகுனமாப் பேசாத தாயி."

அவர் ஏறிப் போனார். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள்.

அவள் பால்கனிக்கு நேர்கீழே, முட்டுக் கம்புகளுக்கு நடுவே நின்று, தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே பூஜை மணிச் சத்தம் கேட்டது. கூடவே வீட்டுக்காரரின் குரல்.

"எல்லாரும் இப்படிக் கிழக்கால வாங்க. பிள்ளைகள முன்னால விடுங்க."