தண்டர்மில்லின் கடைசி ஆள்

"என்ன தம்பி, பீரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கே? சொல்ல வந்ததைச் சொல்லு" என்றார் டெரிக்.

ஜோயல் கிளாஸை எடுத்தான். குடிக்காமலே திரும்ப வைத்தான். மத்தியான நேரம் என்பதால் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் இருந்த அந்தப் பழைய பப்பில் கூட்டம் இல்லை. கவுன்டருக்குப் பின்னால் மோரீன் டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு கிழவரும் அவருடைய நாயும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

'தண்டர்மில்' ராக் குழுவுக்கு ஜோயல் பாடகனாகி ஆறு வருடம் ஆகிறது. டெரிக் அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். கூடத் தொடங்கிய மற்றவர்கள் எல்லாம் ரசனை ஒத்துவரவில்லை என்று ஒவ்வொருவராக நீக்கப்பட்டுவிட, பழைய ஆள் என்று மிச்சமிருப்பது டிரம்ஸ் வாசிக்கும் இவர் மட்டும்தான்.

இன்றைக்கு இவரையும் நீக்கியாக வேண்டும். குழுவில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தாகிவிட்டது. போய்ச் சொல்லுகிற பாவம் மட்டும் ஜோயலின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூட நாளில் இவருடைய படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, இவர் தாளத்தைச் சாப்பாட்டு மேஜையில் தட்டி அம்மாவிடம் அடி வாங்கியவன் அவன். அப்பேர்ப்பட்ட மனிதரின் மனசை உடைக்கப் போகிறோமே என்று நேற்றிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"அது வந்து டெரிக், நம்ம புது ஆல்பம்..."

"அந்தக் காத்தடிக்கிற ஆல்பமா?"

"காத்து இல்ல. அது கீபோர்டு."

"ரெண்டு நிமிஷம் ஊஊன்னு வருதேப்பா! ஜன்னலைச் சாத்த மறந்துட்டேனோன்னு நான் எந்திரிச்சுப் போய்ப் பார்த்தேன்."

ஜோயல் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"ஜனங்களுக்குப் பிடிக்குதே! லீட்ஸ்ல ஹால் நிரம்பி வழிஞ்சுது. அன்னிக்கு நீங்க பண்ணதையே இன்னிக்கும் பண்ணிட்டிருக்க முடியுமா? காலத்துக்கு ஏத்த மாதிரி மாறித்தானே ஆகணும்?"

"மாறுங்க. யாரு வேணாம்னா? நாங்களே ரெண்டாவது ஆல்பத்துல மாறினோம். மொத ஆல்பத்தைக் கேட்டவனெல்லாம் எங்களைக் கிழிகிழின்னு கிழிச்சான். நீங்க போடறதும் நல்லாத்தான் இருக்கு. என் பேத்தி அதைக் கேட்டாத்தான் தூங்குறா."

"இது பாராட்டா, கிண்டலா?"

"பொறந்து மூணு மாசம்தான் ஆகுது. பாராட்டுன்னே வச்சுக்க" என்றபடி டெரிக் தட்டிலிருந்த கறி பஃப்ஸை ஒரு கடி கடித்தார்.

ஜோயல் தைரியத்தை வரவழைத்துக்கொண்டான். "பிரச்சினை அது இல்ல. மெதுவான பாட்டைக்கூட நீங்க ரயிலைப் பிடிக்க ஓடற மாதிரி வாசிக்கிறீங்க. காதலி செத்துப் போயிட்டாளேன்னு நான் உருகிப் பாடறேன். நீங்க அதுக்குள்ள அவளைப் புதைச்சுட்டு வீட்டுக்குப் போயிடறீங்க!"

"லீட்ஸ்ல அதுக்குத்தானே கை தட்டினாங்க?"

"சிரிச்சாங்க டெரிக்! கை தட்டல, சிரிச்சாங்க!"

"சரி, இப்ப என்ன பண்ணணுங்கறே?"

"நீங்க... கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும்னு எல்லாரும் நினைக்கிறோம்."

"எடுத்துக்க மாட்டேன்."

"உடம்புக்கு முடியலைன்னு சொல்லிடலாம். பெரிய விழாவா நடத்தி, மரியாதையோட வழியனுப்பறோம்."

"என் உடம்புக்கு என்ன கேடு? நானா விலக மாட்டேன் தம்பி. நீக்கறதுன்னா நீக்கறோம்னு நேரா சொல்லு."

ஜோயல் கிளாஸைத் தள்ளி வைத்தான். "அந்த வார்த்தையை என் வாயாலேயே சொல்ல வைக்கிறீங்களே."

"சொல்லுப்பா."

"உங்களை... நீக்கிட்டோம்."

"கேக்கல. டிரம்ஸ் பக்கத்துலயே கெடந்த காது இது. சத்தமா சொல்லு."

"உங்களைத் தண்டர்மில்லிலேர்ந்து நீக்கிட்டோம்!"

மூலையில் நாய் விழித்துக்கொண்டு குரைத்தது. மோரீனின் கை அப்படியே நின்றது. வயசானவரிடம் இப்படிக் கத்திவிட்டோமே என்று ஜோயலுக்கு உடம்பே கூசியது.

டெரிக் குனிந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஜோயலுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அழாதீங்க டெரிக். நான் திரும்பப் போய்ப் பேசறேன். எப்படியாவது இந்த முடிவை மாத்திடறேன்."

"ஐயையோ, வேண்டாம்!" டெரிக் பதறி நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. "காரியத்தைக் கெடுத்துடாதே ராசா! ரெண்டு வருஷமா வேணும்னே தாறுமாறா வாசிக்கிறேன். நீங்க என்னடான்னா, பெரியவராச்சேன்னு பொறுத்துக்கிட்டே போறீங்க!"

"வேணும்னேயா? எதுக்கு?"

"தொடங்கினப்பவே நாங்க பேசி வச்ச நிபந்தனை அது. தானா விலகறவன் குழுவோட பழைய பாட்டை வெளியில வாசிக்கக் கூடாது. நீக்கிட்டா தாராளமா வாசிக்கலாம்."

சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பின்னறைக் கதவை இரண்டு கைகளாலும் படபடவென்று தட்டினார். கதவு திறந்தது. தண்டர்மில் ஒவ்வொருவராக வெளியே தள்ளிய பழைய ஆட்கள் அத்தனை பேரும் கிதாரும் கையுமாக அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற பழைய பாடகர் ஜோயலை முறைத்தார்.

"எங்க டிரம்மரை அனுப்பி வைக்க இத்தனை வருஷமாடா உங்களுக்கு?"