வாடகை அருந்ததி

மண்டபத்துப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி மொட்டைமாடிக்கு ஓடினாள் வான்விளக்கு இன்ஸ்பெக்டர் பூங்கோதை. அனுமதி இல்லாத ஒளி ஒன்று மண்டபத்துக்கு மேலே சில நொடிகள் தெரிந்ததாகப் புகார்.

விளம்பர விளக்குகள் வானத்தை அடைத்துக்கொண்ட பிறகு, கல்யாணத்தில் அருந்ததி பார்க்க ட்ரோன் விளக்கைத்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். விளக்குக்காரர் மாசிலாமணி தன் பெட்டியின் மேல் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

"அனுமதி இல்லாத விளக்கைப் பறக்கவிட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க. லைசென்ஸ் போயிடும்."

"சத்தியமா இல்ல மேடம்."

"பொண்ணும் மாப்பிள்ளையும் பார்த்தோம்கிறாங்க."

"அருந்ததி தெரியுதான்னு ஐயர் கேட்டா, தெரியலன்னு யார் மேடம் சொல்வாங்க?"

"எதிர்வீட்டுக்காரரும்தான் பார்த்திருக்கார். அவர்கிட்ட எந்த ஐயர் கேட்டார்? எந்திரிங்க."

பெட்டியைத் திறந்தாள். ட்ரோன் உள்ளேயே இருந்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி.

கீழே பந்தியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க மேடம். பேட்டரியை வீட்லயே மறந்துட்டேன். ஐயர் அவசரப்படுத்தினார். சமாளிச்சுடலாம்னு வடக்கே சும்மா விரலை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு விளம்பரம் அணைஞ்சுது. அடுத்தது வர்றதுக்குக் கொஞ்சம் தாமதமாச்சு."

பூங்கோதை வடக்கே பார்த்தாள். அங்கே ஒரு பற்பசை விளம்பரம் பளபளத்தது.

"அப்போ அவங்க பார்த்தது?"

"நிஜ அருந்ததி மேடம். இத்தனை வருஷத்துல நானே இன்னிக்குத்தான் பார்த்தேன்."