பதிவறையிலிருந்து திரும்பிய சீட்டு

அந்த அறையில் இருந்தவர்கள் மூவர்: புதிதாக மாற்றலாகி வந்த செயலாளர், பெண் சட்டமன்ற உறுப்பினர், சீட்டும் கையுமாக வாசலில் நின்ற பதிவறை ஊழியர்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் இடம் கேட்கும் மசோதாவுக்காக உறுப்பினர் ஏழாவது முறையாக வந்திருந்தார். செயலாளர் கையெழுத்திட்டால்தான் அது அவைக்குப் போகும்.

"மேடம், அவங்களால ஒரு ஃபைல ஒழுங்கா எடுத்துத் தர முடியுமா? கோவப்படாம சொல்லுங்க."

"கோவப்படத்தான் வந்திருக்கேன். போன வருஷத்து ஃபைல் வரட்டும், பேசலாம்."

செயலாளர் ஊழியரிடம் கையை நீட்டினார். கோப்பு வரவில்லை. அதைக் கேட்டு செயலாளர் எழுதி அனுப்பிய சீட்டுதான் திரும்பி வந்தது.

"நம்பர் தப்பு" என்றார் ஊழியர்.

செயலாளர் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா? ஒரே வாரத்துல என் சீட்டு மூணு திரும்பிடுச்சு, ஒரு தப்பையும் விடமாட்டேங்கறார். இவர மாதிரி பத்து பேர் குடுங்க, இந்த ஆபீஸையே நிமித்திடறேன்."

"தரேன். கையெழுத்துப் போடுங்க."

"புரியலையே?"

"இவன் என் தம்பி. எட்டு வயசு வரைக்கும் பேச்சே வரல. எந்தப் பள்ளிக்கூடமும் சேத்துக்கல. முடியுமான்னு கேட்டீங்களே, வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்."

செயலாளரின் முகம் சுண்டிப்போனது. மசோதாவை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"மொதல்ல நம்பர்" என்றார் தம்பி.

சீட்டைத் திருத்திவிட்டுத்தான் செயலாளரால் கையெழுத்திட முடிந்தது.

அக்காவின் செல்வாக்கில்தான் தம்பிக்கு வேலை கிடைத்தது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். தம்பி பதிவறையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அக்கா தேர்தலில் நின்றார். அவருடைய வேட்புமனுவில் இருந்த தப்பு நம்பரைத் திருத்தியதும் தம்பிதான்.