கழுத்தளவு தண்ணீர்

இன்றைக்கு அந்த அம்மாளை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் சனிக்கிழமை காலையிலேயே ஏரிக்கரைக்கு வந்துவிட்டார் ஞானதாஸ். பள்ளியில் பி.டி. சார்.

ஒன்பதாம் வகுப்பு அம்பிகாவின் விஷயம்.

ஜூன் மாதம் பள்ளிக்கு வந்த டாக்டரம்மா அம்பிகாவை எடை பார்த்துவிட்டு, வயதுக்குப் பதினாறு கிலோ அதிகம் என்றார். தினமும் ஒரு மணி நேரம் உடம்பு வேர்க்க வேண்டும், இப்படியே விட்டால் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிடும் என்று பயமுறுத்திவிட்டும் போனார்.

ஞானதாஸ்தான் பொறுப்பேற்றுக்கொண்டார். சாயங்காலம் மைதானத்தில் நாலு ரவுண்டு ஓட்டம்.

மூன்று நாள் வந்தாள் அம்பிகா. நாலாம் நாள் வயிற்று வலி, அப்புறம் தலைவலி. பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தார். நேற்று பஸ் ஸ்டாண்டில் நண்டு விற்கிற ராஜம்மா சொன்னதைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்பிகாவை அவள் அம்மாவே தினமும் விடியற்காலையில் ஏரியில் இறக்கி இறால் பிடிக்க வைக்கிறாளாம்.

கரையில் அம்பிகாவின் அம்மா ஜமுனா ஈரப் புடவையோடு உட்கார்ந்து, பிடித்த இறாலை ஓலைப் பறிக்கூடையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராஜம்மா.

"சார் வந்துட்டாரு பாருடி. பதில் சொல்லு" என்றாள் ராஜம்மா. "எம்பொண்ணு கை பேனாதான் புடிக்கும், சேத்துல படாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்தா சார். இப்ப பறி புடிக்குது."

ஜமுனா நிமிரவில்லை.

ஞானதாஸ் ஆரம்பித்தார். படிக்கிற பெண்ணை வேலைக்கு விடுவது குற்றம் என்றார். ஆபீசருக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா என்றார். மைதானத்தில் ஓட வேண்டிய பெண்ணைச் சேற்றில் தள்ளுவதற்கு அப்படி என்ன ஆசை என்றும் கேட்டார்.

"ஸ்கூலுக்கு ஒருநாள் மட்டம் போட்டிருக்காளா சார்?" என்று கேட்டாள் ஜமுனா.

போட்டதில்லை. அது அவருக்கே தெரியும்.

"இறால் ஆசைனு சொல்றாங்க. அம்பிகா தடவிப் புடிக்கிற இறாலு எங்க வூட்டுக் கொழம்புக்கே பத்தாது சார்."

"அப்போ எதுக்கும்மா இதெல்லாம்? கிரவுண்டுல ஓடினாப் போதாதா?"

"ஓடுச்சே சார். மூணு நாள் ஓடுச்சே."

ஜமுனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மூன்றாவது நாள் அம்பிகா ஓடும்போது காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஒவ்வொரு அடிக்கும் 'டும் டும்' என்று தாளம் போட்டார்களாம். ஒருத்தன் செல்போனில் படம் வேறு எடுத்தானாம்.

"நீங்ககூட ஏதோ சொன்னீங்களாமே சார். பூமி அதிருது, ஓரமா நில்லுங்கடான்னு."

சொல்லியிருந்தார். கலகலப்பாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். மைதானமே சிரித்தது. அம்பிகாவும் சிரித்த மாதிரிதான் அவருக்கு ஞாபகம்.

"வெளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. அன்னிக்கு வூட்டுக்கு வந்து பையைக் கடாசிட்டு, இனிமே ஸ்கூலுக்கே போவமாட்டேன்னுச்சு. அவங்க நைனா கெஞ்சிப் பார்த்தாரு. ரெண்டு நாள் சோறு தின்னல."

வேறு வழியும் பார்த்துவிட்டாளாம் ஜமுனா. ரோட்டில் நடக்கச் சொன்னால், எதிரே யாராவது வந்தால் போதும், துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பாதியிலேயே திரும்பிவிடுமாம். வீட்டுக்குள் குதிக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாளாம்.

"கடைசில நானே இதுல எறக்குனேன். ஊர் சிரிக்கும்னு தெரியும், சிரிச்சுட்டுப் போவட்டும். முட்டி போட்டு, தொடையால தண்ணியத் தள்ளி, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவிக்கினே போவணும். ஒரு மணி நேரம். நீங்க எறங்குங்க சார், பத்து நிமிசம் தாங்கமாட்டீங்க."

"அதென்னவோ வாஸ்தவம்" என்றாள் ராஜம்மா, நண்டைக் கழுவிக்கொண்டே.

"மூணு மாசத்துல யூனிபார்மை ரெண்டு தபா புடிச்சுத் தச்சுட்டேன். ஸ்கூலுக்கும் ஒழுங்காப் போவுது. எழுதணும்னா எழுதுங்க சார். எந்த ஆபீசர் வந்தாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

 வந்தபோது இருந்த வேகம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஞானதாஸ் அம்பிகாவைக் கொஞ்சம் கூப்பிடச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்.

"அதோ, அங்கதான் இருக்கா. நீங்களே கூப்பிடுங்க."

ஞானதாஸ் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். கழுத்தளவு தண்ணீரில் எட்டு, ஒன்பது தலைகள். எல்லாத் தலையிலும் துண்டுக் கட்டு. எல்லார் வாயிலும் கவ்விய பறி. எல்லாம் ஒரே சீராக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"இதுல அம்பிகா எதும்மா?"

ஜமுனா முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியல இல்ல சார்? அதுக்குத்தான் இங்க இட்டாந்தேன்."