நாலு மாதம் போடாத சொட்டு மருந்து

"சொட்டு மருந்தை எப்ப நிறுத்தினீங்க?" கண் டாக்டரம்மா கேட்டார்.

"நாலு மாசமாச்சுங்க," என்றார் அப்பா.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "கண் அழுத்த நோய் வலிக்காது, எரியாது. பார்வையை மட்டும் தின்னுட்டுப் போகும். இடது கண்ல போனது போனதுதான். இனிமே நீங்க பஸ் ஓட்ட முடியாது. யார் நிறுத்தச் சொன்னது?"

அப்பா செல்போனில் ஒரு கட்டுரையைத் திறந்து நீட்டினார். டாக்டரம்மா வாங்கித் தள்ளித் தள்ளிப் படித்தார். "கேரட் ஜூஸ் குடி, கண்ணை உருட்டு, மருந்து வேண்டாம்! டாக்டர் பேரு, போட்டோ வேற. இதை எழுதினது டாக்டரா இருக்கவே முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, கண்டதையும் நம்புவியா? நம்ம வீட்டுல முதல்முதலா டிகிரி முடிச்சவ, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அப்பா என் குரல் வந்த பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"நீ எழுதினதுதானேம்மா அது? நீ எழுதறதுக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல இந்த டாக்டர் பேரையும் படத்தையும் போட்டுக்கிறாங்கன்னு நீதானே காட்டிச் சிரிச்ச? நிஜ டாக்டரே எழுதியிருந்தாக்கூட நான் நிறுத்தியிருப்பேனா?"

டாக்டரம்மா போனை என்னிடம் கொடுத்தார்.

என் வாக்கியங்கள்தான். ஆபீஸின் இணையதளத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு கட்டுரை எழுதுகிறேன். இதை எதைப் பார்த்து எழுதினேன் என்று யோசித்தேன்.

நினைவுக்கு வரவில்லை.