அதே பவர்

ஆறு வருடமாக அவள் தன் ஹாம் ரேடியோவில், கடல் தாண்டி இருக்கும் தீவுக்காரர் ஒருவரின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாளும் பதில் பேசியதில்லை.

“ஒரு தடவை கூப்பிட்டுத்தான் பாரேன்மா” என்பாள் மகள்.

“என் ரேடியோவோட நூறு வாட்டுக்கு அங்க யாருடி காது குடுப்பா?”

தன் பயத்துக்கு அவள் வைத்திருந்த கௌரவமான பெயர், நூறு வாட்.

கடைசியில், சிக்னலைப் பெருக்கித் தரும், தன்னைவிட வயதில் மூத்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினாள். மூன்று மாதம் கெப்பாசிட்டர்களை மாற்றி, புது ஃபேன் பொருத்தி, விரல்களைச் சுட்டுக்கொண்டு, அதை எண்ணூறு வாட்டுக்குத் தேற்றினாள்.

இன்று வால்வுகள் சூடேறும்வரை மூன்று நிமிடம் காத்திருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீவுக்காரரைக் கூப்பிட்டாள்.

“அடேங்கப்பா, பக்கத்து வீட்டுலேருந்து பேசற மாதிரி இருக்கே! எத்தனை வாட்டும்மா?”

“எண்ணூறுங்க. நானே தேத்தினது.”

“பிரமாதம். நாளைக்கும் இதே பவர்ல வாங்க.”

அவள் மகளிடம் திரும்பினாள். “பாத்தியா? வெறும் வாயை வெச்சுக்கிட்டு இது நடக்குமா?”

ஆம்ப்ளிஃபயரை அணைக்கும் முன் அதன் சுவிட்சை ‘ஸ்டாண்ட்பை’க்குத் தள்ள வேண்டும். கை போனது. சுவிட்ச் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. சூடேறட்டும் என்று வைத்தவள், ‘ஆபரேட்’டுக்குத் திருப்ப மறந்திருந்தாள். ஆம்ப்ளிஃபயர் சும்மா ஒளிர்ந்துகொண்டிருக்க, கடலைத் தாண்டியது அதே பழைய நூறு வாட்.

“என்னம்மா, முகம் செவந்துடுச்சு?”

“வால்வு சூடுடி.”

மறுநாளும் வால்வுகளைச் சூடேற்றினாள், துணைக்கு இருக்கட்டும் என்று. சுவிட்சை மட்டும் தொடவில்லை. அதே பவரில்தானே வரச் சொல்லியிருக்கிறார்!