சிவப்புக் கோடு

“சார், உங்க கல்யாணத்தை அழிச்சிடலாமா?”

காலையிலிருந்து வீடியோகாரர் இதைக் கேட்பது ஏழாவது ஆளிடம். முதல் ஆறு பேரில் ஒருவர் அழுதார், ஒருவர் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினார். “என் வீட்டுக்காரரை வேணா அழிச்சுக்குங்க, வீடியோவைத் தொடாதீங்க” என்றார் ஓர் அம்மா.

அவர் என்ன செய்வார், பாவம். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் மூக்குமுட்ட நிரம்பி, திரையில் சிவப்புக் கோடு முறைத்துக்கொண்டிருந்தது. தன் சொந்தக் கல்யாணத்தை முந்தாநாளே மனைவிக்குத் தெரியாமல் அழித்தாயிற்று. அதுவும் போதவில்லை.

புது டிஸ்க் வர மூன்று நாளாகும். நாளைக் காலையிலோ, இந்த வருஷத்திலேயே அவருக்குக் கிடைத்த பெரிய கல்யாணம். மூன்று கேமரா, மேலே பறக்க ஒரு ட்ரோன். மாப்பிள்ளையின் தாய்மாமன் நேரில் வந்து பேசிவிட்டுப் போன வேலை. எடுத்ததைக் கொட்டிவைக்க இடமில்லை என்றால் மானம் கப்பலேறிவிடும்.

கேட்காமலே அழித்தால் என்ன என்று தோன்றும். போன வருஷம் ஒரு பிறந்தநாளை அப்படித்தான் அழித்தார். குழந்தையின் அப்பா கடைக்கே வந்து சட்டையைப் பிடித்ததில் தெறித்த பட்டனை இன்னும் தைக்கவில்லை.

ஏழாவது ஆள் தங்கமான ஆள். “தாராளமா அழிங்க. எங்களுக்கு விவாகரத்தாகி நாலு வருஷமாச்சு. அவ வர்ற இடத்தை மட்டும் எடுத்துட்டு, எங்க அம்மாவை விட்டுடுங்க” என்றான்.

அவனுடைய முன்னாள் மனைவியைக் கூப்பிட்டால், அவளும் தாராளம்தான். அவன் முகம் வருகிற இடமெல்லாம் ஒழியட்டும், தன் தங்கச்சி ஆடியது மட்டும் இருக்கட்டும் என்றாள்.

ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை எப்படிப் பிரிப்பது? கோர்ட்டால் முடிந்தது வீடியோகாரரால் முடியவில்லை. நேரில் வந்து எதை அழிப்பது என்று காட்டிவிட்டுப் போகும்படி இருவரையும் கெஞ்சினார்.

“நாளைக்கு எனக்கு ஒழியாது. இன்னைக்கே வர்றேன்” என்றாள் அவள்.

நான்கு மணிக்கு இருவரும் வந்து, நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். அவளுடைய போன் ஓயாமல் அடித்தது. கவிழ்த்து வைத்தாள்.

வீடியோ ஓடியது. இதை அழியுங்கள் என்று அவள் சொன்ன இடத்தில் அவனுடைய பெரியப்பா இருந்தார். அதை அழியுங்கள் என்று அவன் சொன்ன இடத்தில் அவளுடைய சித்தி இருந்தார். ஒரு மணி நேரச் சண்டையில் அழிந்தது மொத்தம் பதினோரு நொடி. வீடியோகாரருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது திரை இருண்டது. கல்யாணத்தன்று கரண்ட் போன நேரம் அது. படம் இல்லை. மாப்பிள்ளை சட்டையில் மாட்டியிருந்த மைக் மட்டும் வேலை செய்திருந்தது.

“பசிக்குதா? பாக்கெட்ல பிஸ்கட் இருக்கு.”

“சத்தம் வராம உடைங்க.”

இரண்டு பேர் திருட்டுத்தனமாகக் கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடக்க அடக்க மீறிவந்த சிரிப்பு.

இன்னொரு தடவை போடச் சொன்னாள் அவள். ஐந்து தடவை போட்டார். நடுவில் இருந்த நாற்காலி எப்போது பின்னால் போனது என்று அவர் கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் சிவப்புக் கோட்டின் மேலேயே இருந்தது.

கடைசியில் ஒருவழியாக, அந்தப் பிஸ்கட் துண்டை மட்டும் போனுக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை அழித்துவிடச் சொன்னார்கள். இருவருக்கும் தனித்தனியாக அனுப்பவா என்று கேட்டார்.

“ஒருத்தருக்கு அனுப்பினா போதும்” என்றாள் அவள்.

அவர்கள் படியிறங்குவதற்குள் அழித்து முடித்தார். முந்நூறு ஜிபி காலி. சிவப்புக் கோடு நீலமாக மாறியதும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பேட்டரிகளைச் சார்ஜில் போட்டார், ட்ரோனைத் துடைத்தார், நாளைக்குப் போட சட்டைக்குப் பட்டனும் தைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

“நாளைக்கு வர வேண்டாம் தம்பி. பொண்ணு பழைய புருஷனோடயே கிளம்பிட்டா. எவனோ வேலையத்தவன் அவங்க கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கான்.”